தேவையின்மைச் சான்று

மாஸ்டரைக் கலங்கடிக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். "அண்ணா, கொஞ்சம் மேல வந்து பாக்கிறீங்களா?" மேல்வீட்டில் குடியிருக்கும் நர்ஸ் மாடிப்படியின் பாதியில் நின்று, குரலை உயர்த்தாமல், சிரித்த முகமாகத்தான் இதைச் சொல்வாள். சண்டைக்கு வருகிற குடித்தனக்காரியாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். இவளிடம் அதற்கும் வழியில்லை.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே பிழைப்பை ஓட்டியவர். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வந்தால்கூட அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். முழங்கால் தேய்ந்துபோனதும் டாக்டர் அவரைக் காரை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார். இப்போது காலையில் மட்டும் ஸ்கூலுக்குப் போய், சாலைக் குறிகளின் படங்களைச் சுவரில் மாட்டிப் பாடம் எடுக்கிறார். அதில் வருவது காய்கறிக்குச் சரி. மீதிக் குடும்பம் மேல்வீட்டு வாடகையில்தான் ஓடுகிறது. பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவியும், மேலே நர்ஸும் பேக்கரியில் வேலை செய்யும் அவள் புருஷனும், அவ்வளவுதான் அந்த வீடு.

அந்த மேல்வீடு ஒழுகிக்கொண்டிருந்தது.

போன வருஷம் குளியலறைக் குழாய்கள் துருப்பிடித்துப்போய்ப் பிடுங்கி மாற்றினார். அதற்குப் பின் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. தொட்டியைச் சரி செய்து முடித்த கையோடு சுவரில் கை வைத்தால் ஷாக் அடிக்கிறது என்றார்கள். வயரிங் முழுவதையும் மாற்றினார். எல்லாம் வங்கி கொடுத்த கிரெடிட் கார்டைத் தேய்த்துத்தான். மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியும் வருகிறார். இப்போது கார்டில் மிச்சமிருப்பதை வைத்து ஒரு வாளி வாங்கலாம். வாளியும் தேவையாகத்தான் இருந்தது.

மேஸ்திரி வந்து கம்பால் தளத்தைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார். "மாஸ்டர், இது மேல பூசுற வேலை இல்ல. கொத்தி எடுத்துட்டுப் புதுசாத்தான் போடணும்." அவர் சொன்ன தொகைக்கு ஒரு பழைய காரே வாங்கிவிடலாம்.

நர்ஸ் அன்றைக்கு மாடிப்படியில் நிற்காமல் கீழேயே இறங்கி வந்தாள். "அண்ணா, எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்ல. ஆனா அவரு பேக்கரில ராத்திரி பூரா அடுப்பு முன்னால நின்னுட்டு வந்து பகல்லதான் தூங்குறாரு. நெஞ்சு மேலேயே சொட்டுது. கட்டிலை எந்தப் பக்கம் தள்ளினாலும் அதுவும் கூடவே வருது. மழை வலுக்கிறதுக்குள்ள சரி பண்ணிடுங்க அண்ணா. இல்லைன்னா நாங்க வேற இடம்தான் பாக்கணும்."

"பண்ணிடலாம்மா, பண்ணிடலாம்" என்று மாஸ்டர் கையைப் பிசைந்தார்.

அவள் போனதும் மாஸ்டரின் மனைவி கேட்டாள். "அவ போயிட்டா அந்த வீட்டுக்கு வேற யாருங்க வருவாங்க? மீன்தான் வரும். மீன் வாடகை குடுக்குமா?"

அவளுக்கு வாடகை மட்டும் கவலை இல்லை. ரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது, மாத்திரை மறந்தால் திட்டுவது எல்லாம் நர்ஸ்தான். போன வருஷம் இவள் காய்ச்சலில் கிடந்தபோது வேலைக்கு லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அந்தப் பெண் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே மாஸ்டரின் மனைவிக்குப் பயமாக இருந்தது.

ஆக, மாஸ்டர் வங்கிக்குப் போனார்.

வங்கியின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. அதில் ஒரு கணவனும் மனைவியும் கையில் பெயின்ட் பிரஷ்ஷோடு, பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'உங்கள் வாடகை வீட்டைப் புதுப்பியுங்கள்! நாங்கள் இருக்கிறோம்!' என்று எழுதியிருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். உள்ளே, குளிர்பதனம் செய்த அறைகளில், வரிசையாக.

கடன் அதிகாரி இளைஞர். சட்டையைப் போலவே முகத்தையும் இஸ்திரி போட்டு வைத்திருந்தார். மாஸ்டரின் விவரங்களைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். முகம் வாடியது.

"உங்க கிரெடிட் ஸ்கோர் கொஞ்சம் இறங்கியிருக்கு சார்."

"ஏன் தம்பி? ஒரு மாசம்கூட நான் தவணை தவறினதில்லையே?"

"தவறல சார். ஆனா எங்க கார்டை நீங்க உபயோகிச்சிருக்கீங்க."

"நீங்கதானே குடுத்தீங்க?"

"குடுத்தோம் சார். உபயோகிப்பீங்கன்னு எதிர்பார்க்கல." அதிகாரியின் குரலில் மெய்யான வருத்தம் இருந்தது. "நல்ல கஸ்டமர்னா கார்டை வாங்கி பீரோல வச்சிருப்பாங்க. அவங்களுக்கு நாங்க இன்னொரு கார்டு குடுப்போம். அதையும் பீரோல வைப்பாங்க. அப்படித்தான் சார் நம்பிக்கை வளரும்."

திரையை மறுபடி பார்த்தார். "இப்போ இன்னும் கொஞ்சம் இறங்கிடுச்சு."

"அதுக்குள்ளேயா? நான் ஒண்ணுமே பண்ணலையே!"

"நீங்க பண்ணல. நான் பாத்தேன் இல்லையா, அதான். கடனுக்காக ஒருத்தரோட ஸ்கோரைப் பாத்தா அவருக்குப் பணம் தேவைப்படுதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிடும். உடனே குறைச்சிடும்."

"அப்ப பாக்காதீங்களேன் தம்பி!"

"பாக்காம எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு எப்படி சார் சொல்றது?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு தடவை பார்த்தார். மேசைக்கு அடியில் மாஸ்டரின் கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு பொறுமையாக விளக்கினார். "எங்க வங்கியோட அடிப்படையே நம்பிக்கைதான் சார். பணம் இருக்கிறவங்களை நாங்க முழுசா நம்புறோம். பணம் இல்லாதவங்களையும் நம்புறோம், அவங்க இந்தப் பக்கம் வராத வரைக்கும். பணம் தேவைப்படுறவங்ககிட்டதான் எங்களுக்கு ஒரு சின்ன சங்கடம். தேவைப்படுற ஒருத்தருக்குக் கடன் குடுத்தா அவர் அதைச் செலவு பண்ணிடுவார் பாருங்க."

ஆனால் வங்கி யாரையும் கைவிடுவதில்லை. ஸ்கோர் குறைந்தவர்களுக்கென்றே தனியாக ஒரு வழி வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் தேவையின்மைச் சான்று. கடன் கேட்பவர் மேலாளர் முன்னால் உட்கார்ந்து, தனக்கு இந்தக் கடன் எந்த விதத்திலும் தேவையில்லை என்று அவரை நம்பவைக்க வேண்டும். மேலாளர் நம்பிவிட்டால் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இருந்தால் கடன் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி நம்பவில்லை. இரண்டாம் தடவை கேட்டபிறகு தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாம் தடவை கேட்டபிறகு காரியத்தில் இறங்கிவிட்டாள்.

"முதல்ல அந்த முகத்தை மாத்துங்க. பாத்தாலே ஏதோ வாங்க வந்த மாதிரி இருக்கு."

"இருக்கிற முகம் இதுதானேடி?"

"கால் மேல கால் போடுங்க. கொட்டாவி விடுங்க. சுவத்துல மாட்டியிருக்கிற படத்தைப் பாருங்க. அவர் கடனைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, 'அது கிடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்'னு சொல்லுங்க."

மாஸ்டர் கண்ணாடி முன்னால் நின்று கொட்டாவி விட்டுப் பழகினார். பக்கத்துத் தெரு நகைக் கடைக்காரரிடம் கேட்டு ஒரு கைக்கடிகாரம் இரவல் வாங்கினார். இடையிடையே மேலே போய் வாளியைப் பார்த்துவிட்டு வந்தார்.

மேலாளரின் அறை மெத்தென்ற தரைவிரிப்போடு, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. மேலாளர் கனமான மனிதர், எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. "என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டார்.

"விஷயம் ஒண்ணுமில்லை சார். இந்தப் பக்கம் வந்தேன், சும்மா எட்டிப் பாத்தேன்."

மேலாளரின் முகம் மலர்ந்தது. "கடன் ஏதாவது வேணுமா?"

மாஸ்டர் ஒரு கொட்டாவி விட்டார். பழகியதால் நன்றாகவே வந்தது. "குடுத்தா வச்சுக்குவேன். குடுக்காட்டியும் பரவாயில்ல."

"ரொம்ப சந்தோஷம். இப்படி ஒருத்தரைப் பாத்து எத்தனை நாளாச்சு!" மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "வீட்டுல பெரிசா ரிப்பேர் எதுவும் இல்லையே?"

"சேச்சே. அழகுக்காகத்தான்."

பேனா காகிதத்தைத் தொடப்போன நேரம் பார்த்து வெளியே ஒரு இடி இடித்தது. ஜன்னல் கண்ணாடியில் சடசடவென்று மழை விழுந்தது. மாஸ்டரின் கால் தரைவிரிப்பைப் படாரென்று மிதித்தது. இரவல் கடிகாரம் கழன்று விழுந்தது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "ஐயோ, கட்டிலு!" என்று வாய் விட்டு வேறு கத்திவிட்டார்.

மேலாளர் மூடியை மறுபடி பேனாவில் மாட்டினார். அவருக்கும் மனம் கஷ்டமாக இருந்தது. "நல்லாத்தானே வந்துட்டு இருந்தீங்க" என்றார். "எங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் கடைசில இந்த இடத்துலதான் மாட்டிக்கிறாங்க. மழை, ஆஸ்பத்திரி, பிள்ளைங்க படிப்பு. இதெல்லாம் இல்லாம ஒரு மனுஷனால இருக்க முடியாதா? நான் இருக்கேனே."

இருந்தாலும் அவர் இளகிய மனசுக்காரர். வீட்டையாவது பார்க்கலாம் என்று மதிப்பீட்டாளரை அனுப்பிவைத்தார். மதிப்பீட்டாளர் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். மேல்வீட்டுச் சமையலறையில் நின்று அளந்தார். அவர் மண்டையில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு சொட்டு கண்ணில் விழுந்தது. துடைத்துக்கொண்டு, அறிக்கையில் 'நீர் வசதி: எல்லா அறைகளிலும் உண்டு' என்று எழுதினார்.

"சார், அது ஒழுகுது சார்" என்றார் மாஸ்டர் தயங்கி.

"ஒழுகுதுன்னு எழுத இதுல கட்டம் இல்லையே" என்றார் மதிப்பீட்டாளர். ஆனால் நேர்மையான மனிதர். கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் அதையும் குறித்துவிட்டுப் போனார்.

அந்த ஓரக் குறிப்புதான் வினையாகப் போயிற்று. வங்கிக்குப் போனபோது கடன் அதிகாரி அதைச் சுட்டிக்காட்டினார். "ஒழுகுற வீட்டை நாங்க அடமானமா எடுத்துக்க முடியாது சார். வீட்டைச் சரி பண்ணிட்டு வாங்க."

"அதைச் சரி பண்ணத்தானே தம்பி கடன் கேக்கிறேன்?"

"நல்லது சார். சரி பண்ணிட்டு வந்தா சரி பண்றதுக்கு உடனே கடன் குடுத்துடுவோம்."

மாஸ்டருக்குத் தலை சுற்றியது. கார் ஓட்டத் தெரியாதவனைக்கூட நாலு நாளில் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இங்கே எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அந்த ஆற்றாமையில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். அதை ஏன் செய்தோம் என்று இன்றுவரை தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார்.

நர்ஸைப் பற்றிப் பெருமையடித்தார்.

"தம்பி, என்னை நம்ப வேண்டாம். என் குடித்தனக்காரியை நம்புங்க. தங்கமான பொண்ணு. ஒண்ணாந்தேதி காலைல நான் பல்லு தேய்க்கிறதுக்குள்ள வாடகை உங்க வங்கிலதான் வந்து விழும். ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் தப்பினதில்ல. அவ புருஷன் டீ குடிச்சாக்கூட கடன் சொல்ல மாட்டான். அந்த வாடகை இருக்கிற வரைக்கும் உங்க கடன் எங்க போகும்?"

அதிகாரி ஏதோ தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார்... இப்படி ஒரு ஸ்கோரை நான் ட்ரெயினிங்ல படத்துலதான் பாத்திருக்கேன்."

"பாக்காதீங்க தம்பி, இறங்கிடப் போகுது!"

"இறங்காது சார். இவங்க கேக்கல, நாங்களாத்தானே பாக்கிறோம். அதனால ஏறும்."

அதிகாரி உள்ளே ஓடினார். மேலாளர் அறையிலிருந்து நடந்தே வந்தார். இருவரும் திரைமுன் நின்று, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்ற மகளுக்குப் பரிசு கொடுப்பதைப் பார்ப்பதுபோல் நின்றார். நர்ஸின் போன் நம்பரைக் கேட்டார்கள். தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

அதன் பிறகு வங்கியிலிருந்து அவருக்குத் தகவல் எதுவும் இல்லை. போய்க் கேட்டால் "ஃபைல் நகர்ந்துகிட்டு இருக்கு சார்" என்றார்கள். நகர்ந்தது உண்மைதான். எந்தப் பக்கம் என்பதை அவர் கேட்கவில்லை.

ஒரு மாலை நர்ஸ் கீழே இறங்கி வந்தாள். முகத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே இருந்தன. "அண்ணா, அக்கா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வங்கில இருந்து அவங்களே கூப்பிட்டாங்க. சொந்தமா வீடு வாங்கக் கடன் தர்றாங்களாம். நான் கேக்கவே இல்லைண்ணா. வேண்டாம்னு சொல்லச் சொல்ல இன்னும் ஜாஸ்தி தர்றேங்கிறாங்க. மெயின் ரோட்டுல புதுசா கட்டியிருக்காங்களே, அதுல ஒண்ணு பாத்திருக்கோம். உங்க வாயால சொன்ன நல்ல வார்த்தைதான் அண்ணா எல்லாத்துக்கும் காரணம்."

மாஸ்டரின் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். அதுவும் கொஞ்சம் இருந்தது. நல்ல பெண், பகலில் தூங்க நனையாத இடம் வேண்டிய புருஷன், சொந்த வீடு. எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? மாஸ்டர் "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

கட்டடக்காரர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார். மழை வலுத்துவிட்டதால் அவர்கள் அந்த வாரமே சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் மாஸ்டருக்கு வங்கியிலிருந்து தகவல் வந்தது. அவர் கேட்டது வாடகை வீட்டுப் புதுப்பிப்புக் கடன். இப்போது வீட்டில் வாடகைக்கு யாரும் இல்லை. எனவே மனுவைத் தள்ளுபடி செய்கிறோம், தொடர்ந்து எங்கள் சேவையைப் பயன்படுத்துங்கள்.

மேல்வீட்டில் வாளிகளை ஊற்றிக் காலி செய்ய ஆள் இல்லாமல் போயிற்று. மாஸ்டரின் முழங்காலுக்கு மாடிப்படி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஒத்துக்கொள்ளும். வாளிகள் நிறைந்து வழிந்தன. மெதுவாகக் கீழ்வீட்டுக் கூரையிலும் ஈரம் பூத்தது.

அப்போதுதான் கடன் அதிகாரி வீட்டுக்கு வந்தார். அவரே, நேரில், நனைந்துகொண்டு. எத்தனையோ தடவை வங்கிப் படியேறிய மாஸ்டருக்கு, அவர் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் ஒரு நொடி நெஞ்சு துள்ளியது. மனசு மாறிவிட்டார்களோ? பின்னால் நர்ஸ் தலைகுனிந்து நின்றாள்.

"அண்ணா, எனக்குக் கேக்கவே நாக்கு எழல. ஜாமீன் கையெழுத்து ஒண்ணு வேணுமாம். அது இல்லாம பணத்தை விட மாட்டாங்களாம். முன்பணம் மொத்தமும் போயிடும். எங்களுக்கு இந்த ஊர்ல உங்களை விட்டா யார் இருக்காங்க?"

"என் ஸ்கோர்தான் தரைல கிடக்குதேம்மா?" என்றார் மாஸ்டர்.

"ஜாமீனுக்கு நாங்க ஸ்கோர் பாக்கிறதில்ல சார்" என்றார் அதிகாரி. "சொத்து இருந்தாப் போதும். இந்த வீடு இருக்கே."

"ஒழுகுற வீட்டை எடுத்துக்க மாட்டோம்னு சொன்னீங்களே தம்பி?"

"உங்க கடனுக்கு எடுத்துக்க மாட்டோம் சார். அவங்க கடனுக்கு எடுத்துக்கலாம். அவங்கதான் ஒழுங்கா கட்டிடுவாங்களே. இந்த வீட்டுக்கு வேலையே வராது. அதனால இது எப்படி இருந்தாலும் எங்களுக்குப் பரவாயில்ல."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் நர்ஸைப் பார்த்தாள். யார் மேல் கோபப்படுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. அந்தப் பெண் மேல் கோபம் வரவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த இளைஞர் மேலும், என்ன காரணமோ, வரவில்லை. அவரைவிட மரியாதையாக ஒருத்தர் கழுத்தில் யாராலும் கத்தி வைக்க முடியாது.

"போடுங்க" என்றாள் மனைவி கடைசியில். "அவ தவற மாட்டா. நாம சொன்னதுதானே அது."

மாஸ்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டி, எங்கெங்கே என்று விரலை வைத்துக் காட்டினார். பாதியில் ஞாபகம் வந்தவராக, "இன்னொண்ணு சார்" என்றார். "ஜாமீன் போட்டவங்க பேர்ல அந்தக் கடனும் காட்டும். உங்க ஸ்கோர் இன்னும் கொஞ்சம் இறங்கும். கடன் முடியற வரைக்கும் வேற எங்கேயும் நீங்க கேக்க முடியாது. இருபது வருஷம்தான்."

மாஸ்டருக்கு அறுபத்து நாலு வயது. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தில் பேனாவை வைத்தார். மேலே இருந்து ஒரு சொட்டு அவர் கையெழுத்தின் பக்கத்தில் விழுந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று. அதிகாரி பதறிப்போய் எழுந்தார். முதல்முறையாக அவர் நிமிர்ந்து அந்தக் கூரையை நன்றாகப் பார்த்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காந்து போடுங்க சார்" என்றார். "பேப்பர் நனையுது."